சிவரூபினியின் வாய்க்குள் வரிசையில் நின்றவர்கள்

சிவரூபினி கடந்த மாசி மாதம் லண்டன் ஹவுன்ஸ்லோவில், செத்து நானூறு ஆண்டாகிப்போன ஒரு போர்த்துக்கல் அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். பிரித்தானியக் குடியுரிமை பெறுகிறவர்கள் கவுன்சில் மண்டபத்தில் மன்னரின் படத்துக்கு முன்னால் நின்று, மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். பிறகு சான்றிதழ், கைகுலுக்கல், தேநீர், பிஸ்கட். சிவரூபினியும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது ஓர் ஆண்குரல், தெரியாத மொழி. அன்று பிரமாணம் எடுக்க வந்திருந்த கோவாக்காரர் ஒருவர், அது தன் பாட்டனுக்கே புரியாத அளவு பழைய போர்த்துக்கீசு என்றும், அந்தப் பெயரில் அங்கே இப்போது அரசன் யாரும் இல்லை என்றும் சொன்னார். பதிவாளர் பெர்னடெற், பிரமாணம் இருக்கிற மன்னருக்குச் செய்தால்தான் செல்லும், இறந்தவருக்குச் செய்தால் செல்லாது என்று மரியாதையாக விளக்கி, அடுத்த மாதம் வரச் சொன்னார். சான்றிதழை வைத்துக்கொண்டு பிஸ்கட்டை மட்டும் கொடுத்தார்.

சிவரூபினிக்கு அந்தச் சான்றிதழ் அவசரமாக வேண்டியிருந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது படைமுகாமுக்குள் போன, இலங்கையில் பலாலிப் பக்கத்துக் குடும்பக் காணி இப்போது விடுபடுகிறது. உரிமையாளர் ஆடி முடிவதற்குள் நேரில் வந்து எல்லை காட்ட வேண்டும். வராதவரின் காணி அரச காணியாகிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் அதை முடிக்குரிய காணி என்றார்கள். முடி கப்பலேறிப் போய்விட்டது, பழக்கம் மட்டும் இறங்காமல் அங்கேயே தங்கிவிட்டது. சிவரூபினியிடம் இருந்ததோ அகதிகளுக்கான பயணப் பத்திரம். இலங்கையைத் தவிர எங்கும் போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைக்காவிட்டால் காணி போய்விடும். அங்கே போய் வாழும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹீத்ரோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையும் ஹவுன்ஸ்லோ வீடும் அவருக்குப் போதும். எடுத்தவனிடமே விட்டுவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் கணவர் கணேசலிங்கமும் கூடப் போனார். அவர் லண்டனுக்கு வருமுன் பல வருடம் ஹாலந்தில் இருந்தவர். இந்த முறை சிவரூபினியின் வாயிலிருந்து வந்தது டச்சு மொழி. தொண்டையில் சளி கட்டிய யாரோ ஒரு கணக்கப்பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் கணேசலிங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒல்லாந்தருக்கு அப்ப ராசாவே இல்லை. உம்மட ஆள் கிழக்கிந்தியக் கொம்பனிக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு நிக்குது," என்றார்.

"ஆருக்குப் பண்ணினாலும் என்ர வாயாலதானே பண்ணுகினம்," என்று சிவரூபினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்து நாக்கில் குறையில்லை என்றார். அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்தார்கள். தெரிந்தவர்கள் அதிமதுரம், சுடுதண்ணீர், வேறு கவுன்சிலுக்கு வீடு மாறுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அழைப்புக் கடிதத்தின் காலமோ சித்திரையோடு முடிகிறது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது, சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே சிவரூபினி முடிவெடுத்தார்.

"எனக்கு முந்திச் சத்தியம் பண்ணின எங்கட ஆக்கள் வரிசையில நிக்கினம். அவையை அனுப்பினால்தானே என்ர முறை வரும். எல்லாரும் சொல்லிப்போட்டுப் போகட்டும். நான் ஒரு முழுநாள் கேக்கப்போறன்."

பெர்னடெற் லண்டனில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் சென் லூசியாத் தீவுக்காரர்கள்; ஆங்கில மன்னரும் பிரெஞ்சு மன்னரும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்ட தீவு அது. ஆகவே சிவரூபினி கேட்டது அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. விதிகளைப் புரட்டிப் பார்த்து, இது பிரமாணம் மறுக்கப்பட்டதாக ஆகாது, இன்னும் சொல்லி முடியவில்லை என்றே ஆகும் என்று தீர்ப்புச் சொல்லி, கலியாணம் எதுவும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கினார்.

அன்று காலை சிவரூபினி கணேசலிங்கத்தோடு வந்து, படத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார், குரல்கள் வரத் தொடங்கின. தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டுப் புதுப் பெயரோடு நின்ற மீனவர் சத்தியம் செய்தார். பட்டத்துக்கும் வாளுக்கும் ஆசைப்பட்ட முதலியார் ஒருவர் கேட்பதற்கு முன்பே செய்தார். யானை பிடித்துக் கொடுக்கக் கட்டளை பெற்றவர்கள், சாயவேர் கிண்டியவர்கள், பென்சனுக்காக மகாராணியைப் போற்றிய பள்ளிக்கூட வாத்தியார், வெயிலில் நின்று அரச கீதம் பாடிய பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சுவரிலிருந்த படமும் மாறியது. முதலில் கூர்த்தாடி முளைத்தது, பிறகு பொய்முடி ஏறியது, கொஞ்ச நேரம் கொம்பனியின் முத்திரை மட்டும் தெரிந்தது, பின்னர் ஒரு கிழவி கறுப்பு உடுப்பில் இருந்தார். மத்தியானம் பெர்னடெற் சான்ட்விச் வாங்கி வந்தார். சிவரூபினி நின்றபடியே சாப்பிட்டார், குரல்கள் அதுவரைக்கும் பொறுத்திருந்தன.

பின்னேரம் வரிசை தீர்ந்தது. படத்தில் இப்போதைய மன்னர் திரும்பி வந்திருந்தார். சிவரூபினி தன் பிரமாணத்துக்கு மூச்சை இழுத்தபோது இன்னொரு குரல் குறுக்கே வந்தது. அது ஒரு பெண்ணுடைய குரல். பிரமாணமே செய்யாதவர் என்பதால் வரிசையில் இடம் கிடைக்காமல், நானூறு ஆண்டும் கடைசியில் காத்து நின்றவர். அவர் சுத்தத் தமிழில் ஒரே சொல்தான் சொன்னார்.

"ஏலாது."

சட்டகத்துக்குள் மன்னர் இல்லை; வெறும் சுவர் தெரிந்தது. இது என்ன சொல் என்று பெர்னடெற் கேட்டார். கணேசலிங்கம் பொய் சொல்லியிருக்கலாம். மனைவியின் முகத்தைப் பார்த்தார், பொய் வரவில்லை. மறுக்கிறா என்று மொழிபெயர்த்தார். ஒவ்வொரு குரலையும் குறித்துக்கொண்டு வந்த பெர்னடெற்றின் பேனா நின்றது. மறுத்தால் சான்றிதழ் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அதன்பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. காணியும் வீடும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும்.

சிவரூபினி தண்ணீர் குடித்தார். "அது அவ சொன்னது. அவ சொன்னது அப்பிடியே இருக்கட்டும், அழிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. இனி என்ர முறை," என்று கணவரிடம் சொன்னார். பிறகு தன் சொந்தக் குரலில், ஹீத்ரோவில் பழகிய ஆங்கிலத்தில், படத்தில் மீண்டும் வந்து அமர்ந்த மன்னருக்குப் பிரமாணம் செய்தார். பெர்னடெற் அந்தப் பெண்ணின் சொல்லை அழிக்காமல் விட்டு, கைகுலுக்கிச் சான்றிதழைக் கொடுத்தார்.

ஆடி நடுவில் சிவரூபினி பலாலிப் பக்கம் போய் இறங்கினார். வேலிகள் ஒன்றும் மிச்சமில்லை. கிணற்றை வைத்து எல்லையைக் காட்டினார். அலுவலர் நல்ல பிள்ளை, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனாவை நீட்டியபடி, "அரசாங்கம் இந்தக் காணியை உங்களுக்குத் தருது, அம்மா," என்றார்.

"ஏலாது," என்றார் சிவரூபினி. இந்த முறை குரல் அவருடையதுதான். "தாறதெண்டு சொல்லாதேங்கோ, தம்பி. தாறதுக்கு இது அரசாங்கத்தின்ர இல்லை, எங்கட. திருப்பித் தாறியள். அப்பிடி எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

வெயில் ஏறியது. பின்னால் நின்ற காணிக்காரர்கள் வரிசையை விட்டு நகரவில்லை. அலுவலர் மேலிடத்துக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தார், பிறகு வெட்டி எழுதினார். சிவரூபினி வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். பின்னால் நின்றவர்களும் தங்களுக்கும் அப்படியே எழுதச் சொன்னார்கள்.

இப்போது ஹவுன்ஸ்லோவில் பழைய குடியேற்ற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் சடங்கு. மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்படி அழைப்பிலேயே போட்டிருக்கிறது. அடுத்த மாசியில் கணேசலிங்கத்தின் முறை. அவர் நெடுந்தீவுக்காரர். போர்த்துக்கல், ஒல்லாந்து, இங்கிலாந்து என்று வந்த எல்லோருடைய குதிரைகளும் அங்கே மேய்ந்திருக்கின்றன. குதிரைகளும் சத்தியம் செய்யக்கூடும் என்று பெர்னடெற் அவருக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார்.