ராபினும் புது பேட்டரியும்

1

இப்போதெல்லாம் யாரும் முகத்துக்கு நேராக எதையும் சொல்வதில்லை. கேட்டால் "பாக்கலாமுங்க" என்பார்கள். சிரிப்பார்கள். போய்விடுவார்கள். நான் ஏழாவதோடு நின்றவன், கதை எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் இதை வாயால் சொன்னால், கேட்கிறவன் பாதியில் புகுந்து ராபின் பாவம் என்கிறான், இல்லையென்றால் ராபின் கள்ளன் என்கிறான். எழுதினால் நடுவில் புக முடியாது. இது பிறந்தது அதனால்தான்.

ராபின் என் டிரைவர். சாத்தான்குளம் பக்கத்துக்காரன். என்னுடைய பழைய டீசல் காரில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போகும் பெண்களை நல்லூரில் ஏற்றி பனியன் கம்பெனியில் விடுவான். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி அனுசுயா. அவன் வேலை நிலைக்குமா போகுமா என்பதுதான் கதை. வேறு எதையும் ஒளித்து வைக்கவில்லை.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். (சரிதான். ஆனால் இதில் ஆள் இல்லை.)

ராபின் நல்ல (நிறுத்திவிட்டேன். நல்லவனா என்று தெரிந்தால் எதற்கு எழுதுகிறேன்?)

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புது பேட்டரி வாங்கினோம். (இதிலிருந்து போகலாம்.)

வாங்கினோம். சாமி முன்னால் வைத்து, என் மனைவி சாமியாத்தாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ராபின் எடுத்துப் போய்க் காரில் மாட்டினான். சில நாள் ஓடியது. அப்புறம்தான் தொல்லை. ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, கார் மட்டும் கிளம்பாது. பெண்கள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினார்கள். இன்னொரு தடவை தாமதமானால் வேறு வேன் வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"செல்ஃப் மோட்டார் போயிருக்கும் அய்யா" என்றான் ராபின். மோட்டாரை மாற்ற வைத்துக் கடைக்காரனிடம் கமிஷன் வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.*

"நாளைக்கும் வண்டி எடுக்கலைன்னா சாவிய வெச்சுப்போட்டு ஊருக்குப் போயிரு" என்றேன். அனுசுயாவின் காதில் விழும்படிதான் சொன்னேன்.

(* அந்த நினைப்பு இப்போது போய்விட்டது என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.)

3

மறுநாள் விடிந்ததும் எலக்ட்ரீஷியன் முருகேஷைக் கூப்பிட்டேன். லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னான். டிக். லைட் மங்கியது.

"பேட்டரில கரண்டு இருக்குதுங்க. மோட்டாருக்குப் போய்ச் சேரலீங்க."

தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை இஞ்சினில் கவ்வ வைத்தான். மறுமுனையை பேட்டரியின் மைனஸ் தலையைச் சுரண்டிவிட்டு அழுத்திப் பிடித்தான். ராபின் சாவியைத் திருப்பினான். கார் ஒரே தடவையில் கிளம்பியது.

"மோட்டார் கல்லு மாதிரி இருக்குதுங்க. எர்த்துதான் கோளாறு, மைனஸ் ஒயர் சரியாப் பிடிக்கலீங்க."

நிறுத்திவிட்டுக் கிளாம்பைக் கழற்றினான். மைனஸ் தலையைச் சுற்றிலும் சந்தனம் காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, பேட்டரிக்குக் காது குத்துனீங்களா?" என்று சிரித்தான் முருகேஷ்.

நான் சிரிக்கவில்லை. ராபினைப் பார்த்தேன்.

"மாட்டறப்ப இது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது அய்யா."

"தொடைக்கறதுக்கு என்ன கேடு? வண்டி பூரா பனியன் வேஸ்ட் துணி கெடக்குதே."

"அம்மா சாமிக்கு முன்னால வச்ச பொட்டுல்லா அய்யா. நான் சர்ச்சுக்குப் போறவன். நான் அதைத் தொடச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"அப்ப மோட்டாருன்னு எதுக்குச் சொன்னே?"

"பொட்டுனாலதான்னு எந்த வாயால சொல்ல?"

வாசலில் நின்ற சாமியாத்தாள், "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே தொடச்சுப்போட்டிருப்பேனே கண்ணு" என்றாள்.

முருகேஷ் உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

4

ஒரு முடிவு: நான் ராபினின் தோளைத் தட்டிக் கொடுக்கிறேன். (நான் யார் தோளையும் தட்டியதில்லை.)

இன்னொன்று: பயத்தில் பொய் சொன்னவன் நாளைக்கு பிரேக் போனாலும் சொல்லமாட்டான். பெண்கள் ஏறுகிற வண்டி. அனுப்பிவிடுகிறேன். (இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அனுசுயா அந்த வண்டிக்குள்தான்...

வேண்டாம்.)

மூன்றாவதாக, ராபின் கமிஷன் பேசினானா என்று மோட்டார் கடையில் போய் விசாரிக்கலாம். கடைக்காரன் மட்டும் உண்மை பேசுவானா?

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்கள் ஏறிவிட்டார்கள். ராபின் மட்டும் கதவைப் பிடித்தபடி வெளியே நிற்கிறான்.

"எடுக்கட்டுமா அய்யா?"

அவன் சொன்னது பொய்யாக இருந்தால் எனக்குச் சுலபம். கமிஷனுக்கு ஆசைப்பட்டான், போ என்று சொல்லிவிடலாம். உண்மையாக இருந்தால், ஒரு பொட்டைத் துடைப்பதற்கு ஒரு மனிதன் என்னைப் பார்த்து அத்தனை பயந்திருக்கிறான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதனால் அவன் சொன்னதை நம்பவில்லை.

அவன் இன்னும் நிற்கிறான். அவனிடம் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் போகிறேன்.