குருவிக்கு ஒத்துக்காதது

முட்டையை உடைத்து ஊற்றியதும் அவன் கை தானாக நின்றது. ‘ஒரே பக்கமாக் கலக்குங்க’ என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒரே பக்கமாகவே கலக்கினான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். காதுதான் அவனுக்கு முக்கால்வாசிக் கருவி. கயிறு உராய்கிறதா, கதவின் உருளை தேய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பெட்டிக்குள் கண்ணை மூடி நின்றே சொல்லிவிடுவான். யாரும் பொத்தானை அழுத்தாமல் லிஃப்ட் இறங்கி வருகிறது, கதவு திறந்தால் உள்ளே ஆளில்லை என்று பயந்துபோய் அழைப்பவர்களிடம், சும்மா இருக்கும்போது அது கீழே வந்து நிற்கும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் என்று அலுக்காமல் விளக்குவான். ஆனால் போன மழைக்காலத்தில் மனைவி இறந்த பிறகு, இந்தச் சமையலறையில் கேட்கிற சத்தத்துக்கு அவனிடம் விளக்கம் இல்லை. பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம். மெதுவாக, விடாமல். எழுந்து வந்து பார்த்தால் குழாய்கூடச் சொட்டியிருக்காது. அவள் இருந்தபோதும் வருடத்தில் ஒரு நாள்தான் அந்தச் சத்தம் கேட்கும். குருவியின் பிறந்தநாளன்று.

குருவி அவன் மனைவியோடு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மனைவி ஃபிரேமில் கண்ணாடி பொருத்துவாள், குருவி வாடிக்கையாளர்களின் பார்வையைச் சோதிப்பாள். கொறித்துக் கொறித்துச் சாப்பிடுவதால் மனைவி வைத்த பெயர். குருவிக்குப் பால் ஒத்துக்காது. பெரிய வியாதியெல்லாம் இல்லை, வயிறு உப்பும், உருட்டும், ஒரு நாள் படுத்தும். அதனால் பிறந்தநாளுக்கு அவளுக்கென்று தனியாகக் கேக் செய்வாள் மனைவி, அன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். “ஆம்பளைங்க எட்டிப் பாத்தா கேக்கு அமுங்கிடும், போய் டிவி பாருங்க” என்று துரத்துவாள். மதியம் முழுக்க அந்தச் சுரண்டல் கேட்கும். சாயங்காலம் கதவு திறக்கும்போது ஒரு வாசனை வரும். பாலில்லாமல் அவள் எப்படிச் செய்தாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்தபடி செய்துகாட்டியதைப் பார்த்துத்தான் இப்போது செய்துகொண்டிருந்தான். டப்பாக்களின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தான். ஒரு சொட்டு பால் தப்பி உள்ளே போய்விடக் கூடாது. இந்த வீட்டுக்குள் மனைவியைப் பற்றிப் பேச இனி வரக்கூடியவள் குருவி ஒருத்திதான். அவள் வருவதற்கும் இந்தக் கேக்கைத் தவிர வேறு காரணம் மிச்சமில்லை. இது கெட்டுப்போனால் அடுத்த வருடம் போனில் வாழ்த்துச் சொல்வதோடு எல்லாம் முடிந்துவிடும்.

கேக் நன்றாகவே வந்தது. ஆனால் அந்த வாசனை வரவில்லை.

குருவி வாசலிலேயே கேக்கைப் பார்த்துவிட்டாள். “என்னண்ணா, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?”

“அடுப்புதான் சாஞ்சிருக்கு. கேக்கு நேராத்தான் இருக்கு.”

“லிஃப்ட்டையும் இப்படித்தான் நிறுத்துவீங்களா? ஆளுங்க தடுக்கி விழமாட்டாங்க?”

மெழுகுவர்த்தி எதுவும் வைக்கவில்லை. வெட்டிக் கொடுத்தான். “நல்லா இருக்குண்ணா” என்றாள். இரண்டாவது துண்டையும் சாப்பிட்டாள். வழக்கமாக அதை மென்றுகொண்டே செருப்பைத் தேடுவாள். ‘பறக்காதடி, கொஞ்சம் உக்காரு’ என்று மனைவி வாசல்வரை திட்டிக்கொண்டே போவாள். இன்று குருவி எழுந்திருக்கவில்லை. தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றில் பதித்து, எங்கோ கேட்கும் காலடிக்குக் காதுகொடுப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. விளக்கைப் போட அவனுக்கும் தோன்றவில்லை.

“வயித்துக்கு ஏதாச்சும் பண்ணுதாம்மா? பாலே சேக்கல. டப்பாவை வேணா காட்டவா?”

“இல்லண்ணா. ஒண்ணுமே பண்ணல.”

நல்ல செய்தியைச் சொல்கிற குரலாக அது இல்லை.

“அவ பால்தான் ஊத்துவா” என்றாள் பிறகு.

“பாலா? நீ வந்தா என்னைக் காப்பிகூடப் போட விடமாட்டாளே.”

“சும்மா பால் இல்ல, சுண்டக் காய்ச்சுன பால். அப்படிக் காய்ச்சிட்டா ஒத்துக்காததெல்லாம் ஆவியாப் போயிடும்னு அவ நெனப்பு. யார் சொன்னாங்களோ, அவளே கண்டுபிடிச்சாளோ. முத வருஷம் கைய நீட்டிக் காட்டுனா. செவந்து கெடந்துச்சு. ‘மத்தியானம் முழுக்க நின்னு கிண்டுனேன்டி, இனிமே உனக்குப் பயமே இல்ல’ன்னா. நான் என்னத்தச் சொல்ல?”

“காய்ச்சுனா போகாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும். அதுக்காக?”

அவன் கேட்டான். “அதான் வருஷா வருஷம் பறந்தியா?”

“பின்ன? உங்க வீட்டு பாத்ரூம்ல கச்சேரியா வைக்க முடியும்?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்காலத்துக்குப் பிறகு இந்தச் சுவர்கள் கேட்காத சத்தம். அவளும் சிரித்தாள். “ஒரு நா அவஸ்தைதானேண்ணா. அதுல என்ன செத்தா போயிடப்போறோம்” என்றாள். தெருவில் ஒரு வண்டி போய், அதன் சத்தம் முழுக்கத் தேய்ந்து முடிந்த பிறகுதான் அவள் மறுபடி பேசினாள்.

“மறுநா காலையில போன் பண்ணுவா. ‘ஏதாச்சும் பண்ணுச்சாடி?’ம்பா. ராத்திரியெல்லாம் தூங்காம, சுருண்டு படுத்துக்கிட்டே ‘ஒண்ணுமே பண்ணல’ம்பேன். ‘பாத்தியா!’ம்பா. அந்த ‘பாத்தியா’வக் கேக்கணுமேண்ணா. இன்னிக்குக் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாமத்தான் வந்தேன். நீங்களும் அதே மாதிரி செஞ்சிருப்பீங்க, வயிறாவது அவள ஞாபகம் வெச்சிருக்கும்னு.”

அவன் சாய்ந்த கேக்கைப் பார்த்தான். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தான்.

எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தான். காலைக் காப்பிக்கு வாங்கிய பால் இருந்தது. மேல்தட்டிலிருந்து அவளுடைய அடிகனமான பாத்திரத்தை எடுத்தான். உட்புறம் ஒரு வளையம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகாமல் பழுப்பாக நின்றிருந்தது. எத்தனையோ முறை அதைக் கழுவியிருக்கிறான், எதனால் என்று யோசித்ததில்லை. பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான். வேண்டாம் என்று குருவி சொல்லக்கூடும் என்று கொஞ்சம் தாமதித்தான். அவள் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். தட்டில் மூன்றாவது துண்டு இருந்தது.

பால் பொங்கியது, அடங்கியது. அவன் தீயைக் குறைத்துக் கிண்டினான். கரண்டி அடியைத் தொட்டதும் அந்தச் சத்தம் கேட்டது. மெதுவாக, விடாமல். ஓரங்களில் பாலாடை படிந்தது, அதை வழித்து உள்ளே தள்ளினான். கை வலிக்கத் தொடங்கியபோது அந்த வாசனை எழுந்தது. முதலில் அடுப்பைச் சுற்றி. பிறகு தோளுக்குப் பின்னால்.

“போதுமா?” என்றான்.

“அவ இன்னும் சுண்ட விடுவா” என்றாள் குருவி, மிகத் தணிந்த குரலில்.

சமையலறைக் கதவு அவர்களுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. இருவரும் திரும்பவில்லை. அவன் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டிருந்தான்.