குழாயடிக் கூட்டம்

பாண்டுரங்கன் சார் நல்ல மனிதர்தான். அவருடைய நாக்குதான் கொஞ்சம் கோளாறு. ஷமீம் சமைத்து இறக்கும் காலைச் சாப்பாட்டில் முதல் கரண்டி தலைமையாசிரியரான அவருக்கு. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். "சப்புன்னு இருக்குதும்மா" என்பார். அவ்வளவுதான், இன்னொரு கை உப்பு விழும். ஷமீமும் ஒரு வாய் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில் இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது.

போன மாதம் விழுப்புரத்திலிருந்து இளவரசி என்கிற அதிகாரி உப்பை அளக்கும் ஒரு மீட்டரோடு வந்து, உப்புமாவைத் தண்ணீரில் கரைத்து, அதில் மீட்டரை முக்கிப் பார்த்தார். குழந்தைகளுக்கென்று சொல்லியிருந்த அளவைப்போல இரண்டு பங்கு உப்பு! "அடுத்த மாசம் திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, சமையலுக்கு வேற ஆளப் போடச் சொல்லி எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டக்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் எல்லாருக்கும் ஷமீம், ஹமீது பெண்சாதி. இந்த அறுபது பிள்ளைகளுக்கு மட்டும்தான் கிச்சடி ஆன்ட்டி. அந்தப் பெயரை இழக்க அவளுக்கு மனசே இல்லை.

அதிகாரி வரும் நாளும் வந்தது. அதுவும் நோன்பு மாதத்திலா வந்து வாய்க்க வேண்டும்! ஷமீம் வாயில் எதையும் வைக்க முடியாது. அதிகாரி போன பிறகு உப்பைக் குறைத்துப் பார்த்தாலும் சார் கூட்டவைத்துவிடுவார்; நோன்பு தொடங்கிய நாளிலிருந்து அவருடைய நாக்கை நம்பியே ஓட்டிவிட்டாள். இன்று அந்தத் தைரியம் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அளவுப் பட்டியலை முதல்முறையாக ஒழுங்காகப் படித்து, உப்பைத் தராசில் நிறுத்துப் போட்டாள்.

ரவா கிச்சடி மணக்க மணக்க இறங்கியது. சார் ஒரு வாய் போட்டதுமே முகம் சுளித்தார்.

"என்னாம்மா ஷமீம், உப்பே இல்ல! புள்ளைங்க கொட்டிட்டுப் போயிடும். அதையும் அந்தம்மா எழுதிக்கினு போவாங்க. ஜல்தியா ஒரு கை போடு."

ஷமீம் உப்பை அள்ளிவிட்டாள். போடத்தான் கை வரவில்லை.

விடியற்காலைச் சாப்பாட்டில் உப்பு தூக்கலாகிவிட்டால் நோன்பு நாள் முழுக்கத் தாகம் உயிரை வாங்கும். அதற்காகவே இந்த மாதத்தில் வீட்டுக் குழம்பில் உப்பைக் குறைத்துவிடுவாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் சாப்பிட்ட கையோடு, தட்டைக்கூடக் கழுவாமல், பிள்ளைகள் குழாயடிக்கு ஓடி முட்டிமோதிக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள். வாலுத்தனம் என்று அதட்டியும் இருக்கிறாள். பாவிகள் நாம், அது தாகமல்லவா! அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அள்ளிய உப்பை டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"போட மாட்டேன் சார். தப்பாப் போனா என் தலமேலயே விடியட்டும்."

அதுவரை அவள் சாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

இளவரசி வந்தார். கரைத்தார், முக்கினார். மீட்டரில் எண் நிற்கும்வரை ஷமீம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கரெக்டா இருக்கே! யாரு உப்பு பாத்தது?"

"நான் நோம்பு வெச்சிக்கினு இருக்கேங்க மேடம். எட போட்டுத்தான் போட்டேன்."

"நான் பாத்தேன்" என்றார் சார், விடாமல். "எனக்குச் சப்புன்னுதான் இருக்குது."

"பிரஷர் பாத்து எவ்ளோ நாளாச்சு சார் உங்களுக்கு?" என்று கேட்டார் இளவரசி.

சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். "ஆன்ட்டி, இன்னிக்கு ஒரு மாதிரி கீது" என்றான் மூன்றாம் வகுப்பு கோபி. சொன்னவன்தான் இரண்டாவது முறையும் தட்டை நீட்டினான். சாப்பிட்டு முடித்து எல்லாரும் கதை பேசிக்கொண்டே தட்டைக் கழுவினார்கள். இரண்டு மூன்று பேர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். யாரும் ஓடவில்லை. ஷமீமுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது சரி, நாளையிலேர்ந்து உப்பு யாரு பாக்குறது?" என்றார் சார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஷமீம் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினாள்.

"நீங்களே பாருங்க சார். ஆனா கிச்சடிய இல்ல, அதோ அந்தக் குழாயடிய."