மூன்று டன், இரண்டு கை

கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை ஒன்றும் லேசுப்பட்டதில்லை. மூன்று டன் இரும்பு அந்தரத்தில் தொங்கும். கிரேன் ஓட்டுகிறவருக்கு அது எங்கே இறங்குகிறது என்றே தெரியாது. மாடி விளிம்பில் நிற்கிற ஆளின் கைதான் அவருக்குக் கண். அந்த இடத்தில் அன்று முதல் தடவையாக அவள் நின்றாள். கீழே கிரேனில் உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, அவள் புருஷன்.

முதலாளி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு ஆஸ்பத்திரி மாடிக்கு ரெண்டு ஏசி மெஷின் ஏறணும். முதல் மெஷினை நீ இறக்கு. ஏதாவது பிசகுச்சுன்னா ரெண்டாவதுக்கு வேற ஆளு. நீ பழையபடி ஸ்டோருக்குப் போயிடும்மா."

ஆறு வருஷம் அந்த ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவள். பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, மூன்று மாதம் நச்சரித்து இந்த இடத்துக்கு வந்திருந்தாள். திரும்பிப் போவதா? செத்தாலும் மாட்டாள்.

மாடியில் இருந்த நான்கு ஃபிட்டர்களையும் கூப்பிட்டு நிறுத்தினாள். "ரெண்டே விஷயம். ஏத்து, இறக்குன்னு காட்டுறது நான் மட்டும்தான். ஆனா நிறுத்துன்னு யார் வேணும்னாலும் கத்தலாம். காரணத்தை அப்புறம் கேட்டுக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டலை நம்புகிறவளா அவள்? வீட்டில் ஒருத்தர் வருஷக்கணக்காகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார், சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. "ஒவ்வொருத்தரா ஒரு தடவை கத்திக் காட்டுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே கத்தினார்கள். முணுமுணுப்பு என்று பேர் வாங்கிய ஃபிட்டர் மட்டும் நெளிந்தார். அவர் பேசினால் அவர் சட்டைக்கே கேட்காது. "அண்ணே, ரோட்டுல போறவன் திரும்பிப் பார்க்கணும்" என்று விடாப்பிடியாக நின்றாள். மூன்றாவது தடவை ஒருவழியாகக் குரல் வெளியே வந்தது.

மெஷின் எழும்பியது. ஐந்து மாடி தாண்டிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் வந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மெஷின் ஊசலாடத் தொடங்கியது. ஆட்டம் அடங்கட்டும் என்று அவள் 'நில்' காட்டினாள்.

கீழே முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் இதே வேலை பார்த்தவர்தானே, கை சும்மா இருக்குமா? "இறக்கு, இறக்கு" என்று கிரேனுக்கு முன்னால் நின்று வீசினார். புருஷன் பாவம்! சம்பளம் கொடுக்கிற கை ஒரு பக்கம், பெண்டாட்டி கை ஒரு பக்கம். ஒரு முழம் இறக்கிவிட்டார். மெஷின் சுவரில் இடித்தது; சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. ஃபிட்டர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள்.

அவள் இரண்டு கைகளையும் அகல விரித்தாள். கிரேன் நின்றது. கோபம் மூக்கு முட்ட வந்தது. கத்தினால் முதலாளி முறைப்பார், புருஷன் பதறுவார், மெஷின் என்னவோ அப்படியேதான் தொங்கும். மூச்சை இழுத்து விட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"சார், சுவருக்கு இந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது. காத்துல ஆடுது. அடங்கினதும் இறக்குவேன். ரோட்டுல ஆளுங்க வந்து நிக்கிறாங்க, அவங்களை நீங்க தள்ளி நிறுத்துங்க. ஆபரேட்டர், என் கையை மட்டும் பாருங்க."

சார் என்றாளே தவிர, குரலில் கெஞ்சல் இல்லை. முதலாளி வீசிய கையை இறக்கினார். பிறகு ரோட்டுப் பக்கம் நடந்தார். "சரிங்க மேடம்" என்றது வாக்கிடாக்கி. அடேயப்பா, கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் வராத வார்த்தை!

ஆட்டம் அடங்கியது. ஓடின ஃபிட்டர்களும் திரும்பி வந்தார்கள். விரல் விரலாக இறக்கினாள். ஒரு சாண்தான் பாக்கி.

"நிறுத்து!"

தெருவே அண்ணாந்து பார்த்தது. கத்தியது முணுமுணுப்பு. ஏன், எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. கைகள் தானாக விரிந்தன.

"மறுபடி என்ன? எவன் நிறுத்தினது?" என்று முதலாளி வாக்கிடாக்கியில் சீறினார்.

"நான்தான் சார். ஒரு நிமிஷம்." குனிந்து பார்த்தாள். ஃபிட்டர்கள் ஓடியபோது யார் காலோ தட்டி, ஒரு கேபிள் மெஷினுக்கு அடியில் நகர்ந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகிற கேபிள். முணுமுணுப்பு பழைய குரலுக்கே திரும்பியிருந்தார். "தப்பா கத்திட்டேனாம்மா?"

அவள் பதிலை வாக்கிடாக்கியிலேயே சொன்னாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "ஆபரேஷன் தியேட்டர் கேபிள் நசுங்க இருந்தது சார். பார்த்துக் கத்தினது நம்ம ஃபிட்டர் அண்ணன். அவர் புண்ணியத்துல தப்பிச்சோம்."

கேபிளை இழுத்துவிட்டார்கள். மெஷின் அலுங்காமல் நலுங்காமல் உட்கார்ந்தது. நான்கு போல்ட்டும் இறுகியபோது ஃபிட்டர்கள் விசிலடித்தார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

படியில் காலடிச் சத்தம். ஐந்து மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார் முதலாளி. பெயர்ந்த சுவரைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். மெஷினை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. விசில் அடங்கிப்போனது. அவள் நிமிர்ந்தே நின்றாள்.

"ரெண்டாவது மெஷின் ரெடியா இருக்கு" என்றார் அவர். "நான் எங்கம்மா நிக்கட்டும்?"