ட்ரூடியின் பூட்டுப் போட்ட தபால் பெட்டி

ட்ரூடி ஹுடாக்கும் அவள் தம்பி வெண்டலும் எங்கள் பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்து சட்டி பானையைக்கூட இன்னும் பிரித்து அடுக்கவில்லை, அதற்குள் அவர்கள் தபால் பெட்டி நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது. எங்கள் பார்மா ஊரில் வீடு வாங்கும் எல்லாருக்கும் நடப்பதுதான். பத்திரம் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் பதிவானதும் உங்கள் பேர், விலாசம், கடன் கொடுத்த வங்கி எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்துவிட்டு எவனெவனோ இளஞ்சிவப்புத் தாளிலும் மஞ்சள் தாளிலும் எழுதித் தள்ளுவான். மேலே கழுகுப் படம் இருக்கும். "இறுதி அறிவிப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். முதல் அறிவிப்பு எப்போது வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

ட்ரூடி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே கடைசி வரிசையில் எவன் எவனைக் கிள்ளினான் என்று சொல்லிவிடுவாள். கடிதங்களையும் அப்படித்தான் பார்த்தாள். நேராக அடியில் இருக்கும் பொடி எழுத்துக்குப் போவாள். "நாங்கள் அரசு நிறுவனம் அல்ல" என்று அங்கே எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருக்கும். கிழித்துக் குப்பையில் போடுவாள்.

வெண்டலின் வழி வேறு. விவாகரத்துக்குப் பிறகு அக்காவோடு பணம் போட்டு வீடு வாங்கியவன். சாமான் கடையில் பெயிண்ட் கலக்கும் வேலை. யாராவது எண் கொடுத்து "உடனே அழைக்கவும்" என்று எழுதியிருந்தால், அழைக்காமல் விடுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஆள்.

முதலில் பத்திர நகல். "உங்கள் வீட்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை உடனே பெறுங்கள்" என்று ஒரு கடிதம் வந்தது. நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்டிருந்தார்கள். வெண்டல் அனுப்பிவிட்டான். நகல் வந்த அன்று அவர்கள் சமையலறைச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

"இதைக் கவுண்டி ஆபீஸ்ல போய்க் கேட்டா சில்லறைக் காசுக்குக் குடுப்பான்டா! அறிவிருக்கா உனக்கு?"

"நீ அங்க போய் வரிசைல நிக்கணும். இது வீட்டுக்கே வந்துடுச்சுல்ல?"

"ஒரிஜினலே அலமாரில இருக்கு! நகல வச்சு என்ன பண்ணப் போற, கண்ணாடி போட்டு மாட்டப் போறியா?"

"மாட்டினா நல்லாத்தான் இருக்கும்" என்றான் வெண்டல். ட்ரூடி சாவியை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டாள்.

அடுத்தது வீட்டு உத்தரவாதம். அடுப்பு, ஹீட்டர், குளிர்பெட்டி எது கெட்டாலும் இலவசமாகச் சரிசெய்து தருவார்களாம். கர்ட்டிஸ் என்று ஒருவன் தொலைபேசியில் பேசினான். வெண்டல் அவனோடு பேசிய பேச்சில் சூப்பே ஆறிப்போனது. கர்ட்டிஸுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது, மாடிப்படி ஏற முடியவில்லை, மனைவி கீழ்த்தளத்திலேயே படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் வெண்டல் அக்காவிடம் ஒப்பித்தான். மாதாமாதம் பணம் கட்ட ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் ட்ரூடிக்குத் தெரிந்தது. ஜனவரிக் குளிரில் ஹீட்டர் நின்றபோது அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். ஹீட்டர் உண்டு, அதன் உள்ளே இருக்கும் பாகங்கள் கிடையாது என்றார்கள்.

"உள்ள இருக்கற பாகம் இல்லாம ஹீட்டர் என்னடா ஹீட்டர்? வெறும் தகர டப்பா!"

"கர்ட்டிஸ் லீவுல இருக்கானாம். அவன் இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டான்."

ட்ரூடி கோட்டை எடுத்து மாட்டினாள். அன்று சாயங்காலமே போய்ப் பூட்டு வைத்த தபால் பெட்டி ஒன்று வாங்கி வந்து, உறைந்த மண்ணைக் கடப்பாரையால் இடித்து நட்டாள். சாவியைப் பேருந்துச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டாள். வெண்டல் ஜன்னல் வழியே சிறையில் இருப்பவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

தவக்காலம் தொடங்கியபோது அந்த நோட்டீஸ் வந்தது. பூட்டிய பெட்டிக்குள் வரவில்லை, பெட்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்புத் தகரக் கொடியில் ரப்பர் வளையம் போட்டுச் செருகியிருந்தது. ஸ்டாம்ப் இல்லை. தபால் பெட்டியில் தபால்காரரைத் தவிர வேறு யாரும் எதையும் வைக்கக் கூடாது என்பது ட்ரூடிக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று அவள் கண் அங்கே போகவில்லை, தலைப்பில் நின்றுவிட்டது.

"எச்சரிக்கை! உங்கள் தெருவில் வீட்டு உரிமையாளர்களைக் குறிவைத்து மோசடி!"

கீழே அவள் நாள்தோறும் கத்திக்கொண்டிருப்பது எல்லாம் அச்சாகியிருந்தது. போலிப் பத்திர நகல், உதவாத உத்தரவாதம், கழுகுப் படம், பொடி எழுத்து, எதுவும் விடவில்லை. கடைசியாக அவளுக்குத் தெரியாத ஒன்று: உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டு உங்கள் வீட்டையே விற்றுவிடுகிறார்கள், பணம் கட்டி எங்கள் பத்திரக் காவலுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ட்ரூடி கூப்பிட்டாள். இன்ஸ்பெக்டர் ஹால்வர்சன் என்று ஒருவர் நிதானமான குரலில் பேசினார். அவளை ஒன்றுக்கு இரண்டாகப் பேசவிட்டுக் கேட்டார். கடைசியில், "உங்கள மாதிரி விவரமானவங்க தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது மேடம்" என்றார். வீட்டில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. வங்கி அட்டை எண்ணைச் சொல்லிவிட்டாள். ஒரு வருடத்துக் காவல்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நோட்டீஸைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டி, வெண்டலை அதன் முன் நிறுத்திப் படிக்கச் சொன்னாள். பிரதி எடுத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் விருந்தில் வறுத்த மீனை ஆறவிட்டு மேசை மேசையாகப் போய்ப் பேசினாள். எனக்கும் ஒன்று தந்தாள், நான் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தேன். ஆனால் மூன்றாவது வீட்டு மிஸஸ் பாவ்லிக் அன்றே கூப்பிட்டுப் பணம் கட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஹால்வர்சனே கூப்பிட்டார். வீட்டுப் பத்திரத்தில் தம்பி பேரும் இருப்பதால் அவருக்குத் தனிக் காவல் வேண்டுமாம். ட்ரூடிக்குச் சந்தோஷம். ஒரு பொறுப்பான அதிகாரி எப்படிப் பேசுவார் என்று தம்பியும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுப் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வெண்டல் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துத் தின்றுகொண்டிருந்தான். ஹால்வர்சன் பேசப் பேச அவன் மெல்லுவது நின்றது.

"கர்ட்டிஸ்?" என்றான்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"கர்ட்டிஸ், நான்தான் வெண்டல்! முட்டி எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்ல வெண்டல், படியெல்லாம் ஏற ஆரம்..." என்றது அந்தக் குரல். அப்புறம் எதுவும் இல்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

 வெண்டல் வாயில் இருந்ததை விழுங்கினான்.

"நல்லவன்தான். வேலை மாத்திட்டான்போல" என்றான்.

"வெண்டல்."

"என்ன?"

"இன்னும் ஒரு வார்த்தை பேசின, இந்த மேசையத் தூக்கி உன் தலைல கவுத்துடுவேன்."

அவனைத் திட்டுவதா, தன்னைத் திட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். அதற்குப் பிறகு வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். முகம் தக்காளிபோலச் சிவந்திருந்தது.

"நான் குடுத்தேனே ஒரு நோட்டீஸ், அத என்ன பண்ணின?"

"காபிக் கறை படிஞ்சு போச்சு" என்றேன்.

"அப்படியே கிழிச்சுப் போட்டுடு. எதுவும் கேக்காத."

நான் கேட்டேன். வேலியைப் பிடித்துக்கொண்டே முழுக்கச் சொன்னாள். நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வங்கியில் அட்டையை முடக்கினார்கள். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தாள். அதெல்லாம் சுலபம். தெருவில் வீடு வீடாகப் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்வதுதான் அவளைக் கொன்றது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேலி. நாலாவது வீட்டு ஆள், "இப்ப வேற எது நல்ல கம்பெனி, ட்ரூடி?" என்று கேட்டானாம். மிஸஸ் பாவ்லிக் வீட்டில் விஷயம் இன்னும் மோசம். அவர் நம்பவே இல்லை.

"அந்த இன்ஸ்பெக்டர் எவ்வளவு மரியாதையாப் பேசினார் தெரியுமா?" என்றார் அவர்.

"அவன் இன்ஸ்பெக்டரே இல்ல. அவன் பேரு கர்ட்டிஸ்."

"நீதானே வந்து கட்டச் சொன்ன? அன்னைக்கு நல்லதுன்ன, இன்னைக்கு ஃபிராடுங்கற. நாளைக்கு வந்து நீயே ஃபிராடுன்னு சொல்லுவியா?"

"அப்படித்தான் சொல்லத் தோணுது" என்றாள் ட்ரூடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்று முறை போனாள். மூன்று முறையும் பாவ்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். கடைசியில் வெண்டலை இழுத்துக்கொண்டு போனாள். அவன் சோபாவில் உட்கார்ந்து, பூனையை மடியில் வைத்துக்கொண்டு, பாவ்லிக்கின் இறந்துபோன கணவரைப் பற்றி, அவர் வேலை பார்த்த கார் தொழிற்சாலையைப் பற்றி, மருமகள் அழைக்காததைப் பற்றி எல்லாம் கேட்டான். ட்ரூடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை ஏற்றப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் வெண்டல், "எங்கிட்டயும் அவன் இப்படித்தான் பேசினான் மிஸஸ் பாவ்லிக். நானும் கட்டினேன். வாங்க, சேர்ந்து பேங்குக்குப் போன் பண்ணலாம்" என்றான். பாவ்லிக் அட்டையை எடுத்துக் கொடுத்தார். வங்கிக்காரன் லைனுக்கு வரும்வரை அந்தக் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டே உட்காரும் பொறுமையும் வெண்டலுக்கு இருந்தது. ட்ரூடி பாதியிலேயே பேருந்துக்கு ஓடிவிட்டாள். அன்று ராத்திரி அவனுக்கு இரண்டு சாசேஜ் வைத்தாள். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் கவுண்டி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். வீட்டைப் போலிக் கையெழுத்தால் விற்பது நிஜமாகவே நடக்குமா என்று ட்ரூடி கேட்டாள். எப்போதாவது நடக்கும் என்றாள் கவுன்டரில் இருந்த பெண். "உங்க பேர்ல எது பதிவானாலும் உங்களுக்கு ஈமெயில் வர்ற மாதிரி நாங்களே போட்டுத் தருவோம். இலவசம்தான்."

"இலவசமா?"

"இலவசம். வருஷக் கணக்கா இருக்கு."

"இத ஏன் நீங்க எங்களுக்கு எழுதிப் போடல?"

"எழுதிப் போட்டோமே" என்றாள் அந்தப் பெண். "பத்திரம் பதிவான வாரமே வெள்ளைக் கவர்ல வந்திருக்கும்."

வெண்டல் கூரையைப் பார்த்தான். அந்த வாரம் குப்பையில் போனவற்றில் அதுவும் ஒன்று. கிழித்தது யார் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு காரியத்தில் அவனை மெச்சத்தான் வேண்டும்.

மரங்கள் துளிர்த்த பிறகு இன்னொரு கடிதம் வந்தது. நகராட்சி பேரில். வீட்டின் முன் நடைபாதையில் மேப்பிள் மரத்து வேர் கிளப்பிவிட்ட மூன்று கான்கிரீட் பலகைகளை உங்கள் செலவில் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் போட்டு வரியோடு சேர்த்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. ட்ரூடி அடிப்பக்கத்தைப் பார்த்தாள், பொடி எழுத்து இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெண்டல், "எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா?" என்றான். "தொட்ட, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். வாசலிலேயே அரை மணி நேரம் சண்டை. கடைசியில் கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் நகராட்சி அலுவலகத்துக்கே போனார்கள். அங்கே கண்ணாடி போட்ட மனிதர் ஒருவர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது நாங்க அனுப்பினதுதான்" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கையெழுத்தே என்னுதும்மா. பலகையை அளந்ததும் நான்தான்."

ட்ரூடி கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"இத்தனை ஃபிராடு வந்துச்சே, இது ஒண்ணாவது ஃபிராடா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

அந்த மனிதர் ஒப்பந்தக்காரர்கள் பட்டியலை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். காரில் ஏறியதும் வெண்டல் அதை விரித்து, எல்லாருக்கும் தானே கூப்பிட்டு விலை கேட்பதாகச் சொன்னான். ட்ரூடி வண்டியைக் கிளப்பினாள்.

"கேளு. ஆனா எவனோட முட்டியப் பத்தியும் எனக்கு வந்து சொல்லாத" என்றாள்.