பன்னிரண்டாவது கட்டம்

கார்ட்டூன் படத்தில் நிலம் அசைவதில்லை. அதைக் கெட்டித் தாளில் ஒரே ஒரு முறை, நிதானமாக, வண்ணம் தீட்டி மேசையில் ஒட்டிவிடுவார்கள். அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் வரைந்த மனிதனை வைத்து ஒரு படம் எடுப்பார்கள். தாளை மாற்றி அடுத்த படம். ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு தாள். ஆகவே ஏர் ஓட்டுகிறவன் ஒரு வினாடி நடக்கப் பன்னிரண்டு முறை வரையப்பட வேண்டும். வரப்பில் குடை பிடித்து நிற்கும் நிலக்காரருக்கு ஒரே தாள் போதும்; கண் இமைக்க இன்னும் இரண்டு.

காவேரிக்கு இது பிடித்திருந்தது. மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவில் சேர்ந்து பதினொரு மாதமாயிற்று. கலப்பை மண்ணைப் புரட்டும்போது தோள் முதலில் போகுமா, இடுப்பா என்று அவளுக்கு மட்டும் யோசிக்காமலே தெரிந்தது. மைசூருக்கு வெளியே போகாதி கிராமத்துக்கு அப்பால், முதலாளி சீனிவாசனின் குடும்ப நிலத்தில், அவள் அப்பா காளியப்பன் பதினான்கு வருடமாக ராகி போட்டுக்கொண்டிருந்தார். விளைச்சலில் பாதி அவர்களுக்கு, பாதி இவர்களுக்கு. நிலத்தின் மூலையில் ஓட்டு வீடு. தமிழ்நாட்டு எல்லையோர மார்டள்ளியிலிருந்து பிழைக்க வந்தபோது காவேரிக்கு எட்டு வயது.

அந்த வருடம், தொண்ணூற்றாறில், எடுத்துக்கொண்டிருந்த படமும் நிலத்தைப் பற்றியதுதான். பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனம் பணம் கொடுத்திருந்தது. வேனில் திரை கட்டி ஊர் ஊராகக் காட்டுவார்கள். உழுகிறவனுக்கு என்ன உரிமை, அதை எப்படிக் கேட்பது என்று பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

படத்தில் பஹணி ஒன்று பெரிதாகத் தெரிய வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் அப்படி ஓர் அரசுப் பதிவுத் தாள் உண்டு. அது ஒரு நல்ல இயந்திரம் போல. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலை. ஒன்பதாவது கட்டம், நிலம் யாருடையது என்று சொல்லும். பன்னிரண்டாவது, அதில் பயிர் செய்வது யார் என்று சொல்லும். அந்தக் கட்டத்தில் வருடாவருடம் பெயர் இருப்பவனை அவ்வளவு சுலபமாகக் கிளப்ப முடியாது.

"கற்பனையா வரையாதே. நிஜமான பஹணியைப் பார்த்து வரை" என்று சீனிவாசன் தன் மேசையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தார். எதிலும் நிஜம் வேண்டும் அவருக்கு. கொடுத்தது எந்த நிலத்தின் நகல் என்று அவர் யோசிக்கவில்லை.

காவேரி கன்னட எழுத்துகளைக் கோடு கோடாகப் பார்த்து வரைந்தாள். ஒன்பதில் சீனிவாசனின் பெயர். பயிர், ராகி, ஒரு வருடம் கொள்ளு. அந்தக் கொள்ளுச் செடிகளை அவளே பறித்திருக்கிறாள். பன்னிரண்டில் பதினான்கு வருடத்துக்கும் ஒரே சொல்: 'சொந்தம்'. நிலக்காரர் தானே பயிர் செய்கிறார் என்று அர்த்தம்.

போன வாரம்தான் அந்த நிலத்தை அளக்க ஆள் வந்திருந்தார்கள். வீட்டு மனைகளாகப் பிரித்து லேஅவுட் போடப்போகிறார்களாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் விளக்கத் தொடங்கினாள். பன்னிரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரைப் போடச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும். அப்புறம் வந்து விசாரிப்பார்கள்.

காளியப்பன் கேட்டுக்கொண்டே கால் மண்ணைத் தேய்த்துக் கழுவினார். "படத்துல இதெல்லாம் சொல்றீங்களா கண்ணு? நல்லா இருக்குது."

"விளையாடாதீங்கப்பா. நாளைக்கே போலாம்."

அம்மா பாப்பாத்தி அடுப்பங்கரையிலிருந்து வெடித்தாள். "போயி? கைநாட்டு வெச்சுக் குடுத்தாச்சு. வாயத் தொறந்து சொல்லேன் மனுசா! கூலிக்கு வந்த ஆளு, நெலத்துல பாத்தியம் கெடையாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க புள்ள."

"எப்ப?"

காளியப்பன் காலைத் துண்டால் துடைத்தார். பிறகு சொன்னார்: "நீ வேலைக்குச் சேர்ந்தியே, அதுக்கு மொத நாளு. புள்ளைக்கு என் ஆபீஸ்லயே வேலை குடுக்கறேன் காளியப்பான்னாரு. நெலம் எப்படியும் அவங்களுது. வேலையாவது உன்னுதா இருக்கட்டும்னு நெனச்சேன்."

மறுநாள் நகலை சீனிவாசன் முன்னால் வைத்தாள். பன்னிரண்டாவது கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வக்கீல் எழுதி வாங்கிக்கோன்னார், வாங்கிண்டேன். ஊர்ல எல்லாரும் பண்றதுதாம்மா. உனக்கு நான் நல்லது பண்ணலையா?"

"எங்கப்பா பதினாலு வருசம் உழுதாரு சார்."

"யார் இல்லேன்னா?" என்றார். சட்டென்று அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. "காவேரி, இதுதான் நம்ம படத்துல இல்ல! கைநாட்டு சீன்! அது இல்லாம படம் சப்புன்னு இருக்கு. நீ வரை. நீ வரைஞ்சாதான் நிஜமா இருக்கும்."

"நான் வரையமாட்டேன்."

அவருக்குக் கோபமே வரவில்லை. "அவசரப்படாதே. படம் முடியற வரைக்கும் உங்களை யாரும் அங்கேர்ந்து கிளப்ப மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு. ராகி அறுப்பும் ஆயிடும். நீ வேலையை விட்டுட்டா, அப்புறம் லேஅவுட்காராளை நான் என்ன சொல்லி நிறுத்தறது, சொல்லு?"

ராகி கதிர் பால் பிடித்திருந்தது. அறுப்புக்கு இன்னும் ஆறு வாரம். காவேரி வேலையை விடவில்லை.

சீனிவாசன் சொல்லி அனுப்பி, வெள்ளிக்கிழமை காளியப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். மேசையில் மைப்பெட்டியும் தாளும் தயாராக இருந்தன.

"கொஞ்சம் மெதுவா வை காளியப்பா. இவ பார்த்து வரையணும்."

காளியப்பன் கட்டைவிரலை மையில் தோய்த்தார். "இது எதுக்குங்க சாமி? போன தடவையும் நீங்க படிச்சுக் காட்டல."

ஸ்டுடியோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சீனிவாசனும் சிரித்தார்.

காவேரி சிரிக்கவில்லை. எந்த வேலையும் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அவளால் ஒரு கோடு போட முடியாது. "அன்னைக்கு எப்படி வெச்சீங்கப்பா? நீங்களாவா?"

"எனக்கு எங்க வெக்கத் தெரியும்? சாமிதான் மணிக்கட்டப் புடிச்சு, வெரல இப்படி ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் உருட்டினாரு. சும்மா குத்துனா ரேகை விழாதாமா."

"அப்ப அப்படித்தான் சார் வரையணும். பிடிங்க."

சிரிப்பு நின்றது. நிஜம் வேண்டும் என்று எப்போதும் சொல்கிறவர் எல்லாரும் பார்க்க என்ன செய்வார்? வந்து காளியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தார். உருட்டினார். காவேரி, "இன்னொரு தடவை" என்றாள். மறுபடி, "இன்னொரு தடவை" என்றாள். விரல் சாய்வது, நகம் வெளுப்பது, தாள் லேசாக நகர்வது, மேலே இருக்கும் கை அழுத்துவது, அந்தக் கையில் இருக்கும், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பச்சைக்கல் மோதிரம் விளக்கு வெளிச்சத்தில் திரும்புவது. இரண்டு வினாடிக் காட்சி. இருபத்துநான்கு படம்.

திங்கட்கிழமை, செல்லுலாய்டில் ஏற்றுமுன் பென்சிலில் வரைந்த படங்களைக் கட்டாக அடுக்கி, ஓரத்தைப் பிடித்துப் படபடவென்று புரட்டிக் காட்டினாள். இரண்டு கைகளும் உயிரோடு அசைந்தன. சீனிவாசன் வெகுநேரம் பார்த்தார். "பிரமாதம்" என்றார். உண்மையாகவே சொன்னார். இன்னொரு முறை புரட்டினார்.

"மோதிரம் மட்டும் வேண்டாம். இருபத்துநாலு படத்துல கல் வெச்சு வரையறது, வர்ணம் போடறது, அதிக வேலை. எடுத்துடு."

காவேரி கட்டை வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் விளக்கைப் போட்டு, முதல் தாளைக் கண்ணாடிமேல் பரப்பினாள். அறுப்புக்கு ஐந்து வாரமும் இரண்டு நாளும் இருந்தன. ரப்பரை எடுத்து மோதிரத்தை அழித்தாள். அந்த இடத்தில் விரலின் கோட்டைச் சேர்த்தாள். தூசியை ஊதிவிட்டு இரண்டாவது தாளை எடுத்தாள்.