அன்செல்மோவின் மோதிர விரல் நகம்

எனக்கு அந்தக் கிட்டார் வேண்டியிருந்தது. சொல்வதற்கு வெட்கமே இல்லை. எங்கள் ஊர்க் கிட்டார் சங்கத்தில் எல்லோருக்குமே அது வேண்டியிருந்தது. மற்றவர்கள் "பாவம் அன்செல்மோ" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே ஆசைப்பட்டார்கள். நான் மூக்கைச் சிந்தாமல் ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பவர் இறந்துவிட்டால் அவருடைய கிட்டார் ஒரு வருஷம் பெட்டியிலேயே கிடக்க வேண்டும். தொடாத கிட்டார் தூங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். வருஷம் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரியில் அதை எழுப்புவோம். ஆசை உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு உருப்படி அதில் வாசிப்பார்கள். யார் கையில் கிட்டார் விழித்தது என்று இறந்தவரின் குடும்பத்தார் சொல்வார்கள். சொன்னால் சொன்னதுதான், கிட்டார் அந்த ஆளோடு போய்விடும்.

அன்செல்மோவுக்குப் பிள்ளைகள் இல்லை. சொல்ல வேண்டியவள் அவர் மனைவி ஒப்துலியா. வாசிக்கப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: நான், அப்புறம் அந்த நிகாசியோ. மற்றவர்கள் எங்கள் இருவரின் நாக்குக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

என் சொந்தக் கிட்டார் ஒரு விறகு. இசைப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் சம்பளத்தில் அதற்கு மேல் வாங்க முடியவில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். நல்ல கிட்டார் ஒன்று கையில் இருந்தால் நான் யார் என்று காட்டியிருப்பேன் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நிகாசியோ விடுவானா?

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கச்சேரி ஆலிவ் கூட்டுறவுச் சங்கத்தின் மாடிக் கூடத்தில். பிப்ரவரி மாதம். கீழே செக்கு ஓய்ந்திருந்தாலும் பச்சை எண்ணெய் வாசனை படியெல்லாம் ஏறியிருந்தது. மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் நிகாசியோ நாற்காலியில் சாய்ந்து உப்புத்தாளால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்கள் கூட்டத்துக்கு வலது கை நகம்தான் உயிர். அதற்காகவே பாத்திரம் கழுவ மாட்டோம், சோடா மூடி திறக்க மாட்டோம். இவ்வளவு பத்திரமாக இருந்த நான், உட்காருவதற்கு ஒரு மடக்கு நாற்காலியை இழுத்தேன். அது படக்கென்று மடங்கி என் மோதிர விரல் நகத்தைச் சதைவரைக்கும் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"அடடா, மோதிர விரலா?" என்றான் நிகாசியோ. முகத்தில் பால் பொங்கியதுபோல் அப்படி ஒரு சந்தோஷம். "ட்ரெமலோதானே வாசிக்கப் போற?"

ட்ரெமலோ என்றால் மூன்று விரல்கள் ஒரே தந்தியை மாற்றி மாற்றித் தொட்டு, ஒலி அறுபடாமல் ஓடுவதுபோல் காட்டும் வித்தை. மோதிர விரல்தான் ஒவ்வொரு சுற்றையும் தொடங்கிவைக்கும். அது நொண்டினால் எல்லாம் நொண்டும்.

"என்கிட்ட பிங்பாங் பந்துத் துண்டு இருக்கு, நகமா வெட்டி ஒட்டித் தரட்டுமா? கொஞ்சம் தவளை மாதிரி கத்தும், பரவால்லையா?"

"அந்தப் பந்தை உன் வாயில வெச்சு அடைச்சுக்கோ."

சிரித்துக்கொண்டே அன்செல்மோவின் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான். முதலில் அவன் முறை. திறந்த பெட்டி என் முன்னால் கிடந்தது. உப்புத்தாளாவது இருக்குமா என்று அதன் உள்ளறையைத் துழாவினேன். இருமல் மிட்டாய் டப்பா ஒன்று அகப்பட்டது. திறந்தால் உள்ளே நகங்கள்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். உடைந்த நகத்தை நாங்கள் எறிய மாட்டோம், அவசரத்துக்கு ஒட்டிக்கொள்வோம். ஒருமுறை இதே நிகாசியோவின் கட்டைவிரல் நகத்தை ஒட்டிக்கொண்டு முழுக் கச்சேரி வாசித்திருக்கிறேன். அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைவரை போய்வருவதுபோல்தான் எங்களுக்கு அது. அதனால் டப்பாவில் மேலாக இருந்த ஒன்றை யோசிக்காமல் எடுத்தேன். நல்ல தடிமன், கண்ணாடியாகத் தேய்த்த விளிம்பு. பசையைப் பிதுக்குவதற்குள் அது விரலில் போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டது. இறந்தவர் நகம் என்பது பசை காய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது.

நிகாசியோ வாசித்து முடித்துக் கைத்தட்டலோடு திரும்பி வந்தான். கிட்டாரை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன், இடது காலைக் கால்மணையில் தூக்கி வைத்தேன். முன்வரிசையில் ஒப்துலியா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. எழுபத்தெட்டு வயது, கறுப்பு உடை.

என் மோதிர விரல் பிறவிச் சோம்பேறி. அன்று அது எனக்கு முன்னால் ஓடிற்று. மற்ற இரண்டு விரல்களும் அதன் பின்னால் ஓடின. கடைசியாக நான் ஓடினேன். அப்படி ஓர் ஒலியை என் வாழ்நாளில் நான் எழுப்பியதில்லை. சந்தோஷமாக இருந்தது. நடுவில் ஒரு நிறுத்தம் வரும். கையைத் தூக்கினேன். மோதிர விரல் மட்டும் கீழே இறங்கிக் கிட்டாரின் மேல்பலகையைத் தட்டியது. டொக், டொக்.

அது பாட்டில் இல்லை. நான் தட்டவும் இல்லை.

"வரேன், வரேன். ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியா?" என்று எழுந்தாள் ஒப்துலியா.

இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். அவள் கூடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே காபி வைத்திருந்தார்கள். ஒரு கப் வாங்கிக்கொண்டு, நடைபாதை வழியாகத் திரும்பி வந்து, மேடை ஏறி, அதை என் கால்மணைக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தாம்மா, கசில்தா."

மறுபடி அந்த விரலைப் பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மிச்சத்தை எப்படி வாசித்து முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. முடித்ததும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "கிட்டார் இவளுக்கு. அந்த நகம் இவ விரல்ல இருக்கிற வரைக்கும்."

"காபி குடுத்துட்டா கிட்டாரா? இது என்ன அநியாயம்!" என்று நிகாசியோ குதித்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

படி இறங்கும்போது ஒப்துலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காபி வேணும்னா ரெண்டு தட்டு. கண்ணாடியைக் காணோம்னா ரெண்டு தட்டு. அந்த விரலால, அந்தப் பலகையில. அம்பது வருஷத்துல ஒரு தடவை வாயைத் திறந்து என் பேரைச் சொன்னதில்லை அந்த மனுஷன்" என்றாள்.

கிட்டார் என் வீட்டுக்கு வந்தது. மறுநாள் மதியம் பருப்புக்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்த கை மேசையைத் தட்டிற்று. டொக், டொக். கூழ் முடிவதற்குள் வாசல் மணி அடித்தது. திறந்தால் ஒப்துலியா. வீட்டுச் செருப்போடு, தட்டில் காபியோடு, மேல்மூச்சு வாங்க நின்றாள். சதுக்கத்தின் அந்தக் கோடியில் அவள் வீடு. என் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

"கூப்பிட்டியே" என்றாள்.

"நான் கூப்பிடலைம்மா."

"உன்னை யாரு சொன்னா?" என்று என்னைத் தாண்டி உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள். "அந்த மனுஷனை வாசிக்கச் சொல்லு."

வாசித்தேன். ஐயோ, என்ன ஒலி அது! ஒப்துலியா கண்ணை மூடிக்கொண்டு, எதற்கோ கோபித்துக்கொள்வதுபோல் தலையை ஆட்டினாள். காபியை நான்தான் குடித்தேன். எனக்குக் காபியில் சர்க்கரை ஆகாது. அன்று மூன்று கரண்டி போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும். பள்ளியில் பாடம் நடத்தும்போது தட்டும், பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தட்டும். எங்கே தட்டினாலும் அவள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள், நான் வரும்வரை. கையைத் துணியால் இறுக்கிக் கட்டிப் பார்த்தேன், கட்டு தானே அவிழ்ந்து கிடந்தது. நகப்பூச்சு அழிக்கும் மருந்தில் விரலை ஊறவைத்தேன். எந்தப் பசையும் அதில் கரைந்துவிடும். கரைவதற்கு அங்கே பசையே இல்லை. ஒட்டிய கோடும் இல்லை. நகத்தின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு பிறை முளைத்திருந்தது.

இதற்கு நடுவில் ஹயேன் நகரத்திலிருந்து ஃபோன். வசந்த விழாவில் முழுக் கச்சேரி, நான் தனியாக. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்ததை யாரோ கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். ஐம்பத்திரண்டு வயதில் கதவு திறக்கிறது, சும்மாவா?

ஒரு புதன்கிழமை நல்ல மழை. விரல் தட்டியது. மணி அடிக்கவில்லை. எட்டிப் பார்த்தால் ஒப்துலியா இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். காபி படியெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. கைத்தாங்கலாக மேலே ஏற்றிப் படுக்க வைத்தேன்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? இதயம் வீக், படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நான் இந்த நகத்தை வெட்டி எறியப் போறேன்."

"வெட்டினா கிட்டாரைத் திருப்பிக் குடு."

"நீங்க செத்துப்போயிடுவீங்கம்மா!"

"அம்பது வருஷம் முணுமுணுத்துக்கிட்டே போனேன் மகளே. போனா ஏன் லேட்டுன்னு ஒரு முறைப்பு. சனியனேன்னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன். இப்பத்தான் ஆசையா வரேன். வெட்டாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஐஸ்.

மழை விட்டதும் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நகத்தை வெட்டுவதற்கு முன்னால், கிட்டாரை எடுத்து அந்த ட்ரெமலோ உருப்படியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்தேன். நடுவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹயேன் போச்சு, எல்லாம் போச்சு. கிழவி நாளைக்கே போகப்போகிறவள்தானே என்று ஒரு நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு யாருடையது என்று பயந்து கிட்டாரைக் கீழே வைத்தேன்.

நகவெட்டி ஏறவில்லை. ரோஜாச்செடி நறுக்கும் கத்தரியை எடுத்தேன். நகத்தை வெட்டினால் வலிக்குமா? வலித்தது. கதறிவிட்டேன். பிறைவரைக்கும் வெட்டி, அதை மிட்டாய் டப்பாவில் போட்டு, பசையையும் எதற்கோ பையில் போட்டுக்கொண்டு, கிட்டாரையும் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தேன்.

ஒப்துலியா மேசையடியில் கணப்பு வைத்து, முழங்காலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். என் விரலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கிட்டாரை அந்த மனுஷன் ரூம்ல வை. பெட்டியில வேண்டாம், நாற்காலி மேல."

வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். "எனக்கு ஒட்டு" என்றாள்.

"உங்களுக்கா? ஒரு நாளாவது கிட்டாரைத் தொட்டிருக்கீங்களா நீங்க?"

"வாசிக்க யாருக்கு வேணும்?"

வலது கையை நீட்டினாள். மோதிர விரலில் கல்யாண மோதிரம், சதைக்குள் புதைந்து கிடந்தது. அதற்கு மேலே அந்த நகத்தை ஒட்டினேன். பசை காயும்வரை ஊதிக்கொண்டாள். பிறகு மேசையில் தட்டினாள். டொக், டொக்.

ஒன்றுமில்லை. கணப்பில் கரி வெடித்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"ஏய், அன்செல்மோ" என்று இன்னும் பலமாகத் தட்டினாள். "நான் எத்தனை தடவை வந்திருப்பேன்? ஒரு தடவை நீ வா."

உள்ளறையில் கிட்டாரின் தடித்த தந்தி ஒருமுறை முனகியது. மடியிலிருந்து எடுத்துக் கீழே வைக்கும்போது வரும் முனகல் அது, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்து நாற்காலி நகர்ந்தது. அடுத்து செருப்பு, தரையில் இழுத்து இழுத்து.

"வரேன், ஒப்துலியா" என்றது ஒரு குரல். நெடுநாள் பேசாத தொண்டைக் கரகரப்பு.

அவள் முகம் சிவந்துவிட்டது. கண் தளும்பிற்று. அதை என்னிடம் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல், கதவைப் பார்த்து எப்போதும்போல் எரிந்து விழுந்தாள்.

"இவ்வளவு நேரமா? காபி கொண்டு வா. ரெண்டு கப் போதும், கசில்தா கிளம்பறா."

நான் கிளம்பினேன்.